தடுப்பூசிக்குப் பின் பக் நாயின் முகம் வீங்கியது: இதை யாரிடம் தெரிவிப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பக் நாய் இருக்கிறது. பெயர் சுப்பு, எடை ஏழரைக் கிலோ. சென்ற சனிக்கிழமை மாலை 6.30 மணியளவில் ஆண்டுத் தடுப்பூசிக்காக வீட்டருகே உள்ள ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். நைன்-இன்-ஒன் ஊசி (பல நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), ரேபிஸ் ஊசி இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, குடற்புழு மாத்திரை ஒன்றையும் அங்கேயே விழுங்க வைத்து, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். எட்டு மணிக்குள் உதடும் கண் இமைகளும் வீங்கி, வயிற்றில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது; இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஊசி போட்ட மருத்துவ நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, "வெயில் அதிகம், தண்ணீர் வையுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். ஏனோ மனம் ஒப்பவில்லை. ஆட்டோ பிடித்து வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் அவில் என்ற ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் போட்ட பிறகு, பதினொரு மணிக்கு வீக்கம் வடிந்தது.

மறுநாள் தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்தால், ரேபிஸ் ஊசிக்கு மட்டுமே மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டு இருக்கிறது. மற்றதற்கு "9 இன் 1" என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள். இது ஊசியால் வந்ததுதானா? யாரிடம் தெரிவிக்க வேண்டும்? தெரிவித்தால் ஊசி போட்ட மருத்துவருக்குத் தொல்லை வருமா? அடுத்த ஆண்டு ஊசியே வேண்டாம் என்று என் கணவர் சொல்கிறார்.

பதில் 1: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், மாதவரம்

வணக்கம் அம்மா. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பது தடுப்பூசி ஒவ்வாமையின் வழக்கமான வடிவம். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் நாய் சோர்ந்து கிடப்பதும், இலேசான காய்ச்சலும், ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் முனகுவதும் உடலின் எதிர்ப்பாற்றல் வேலை செய்வதன் அடையாளங்கள். அவற்றுக்காகப் பதற வேண்டியதில்லை. முகம் வீங்குவதும், தோலில் தடிப்பு எழும்புவதும், சில மணி நேரத்துக்குள் வாந்தி வருவதும் வேறு வகை. அதிலும் பக் நாய்க்கு மூச்சுப்பாதை இயல்பிலேயே குறுகலானது என்பதால், முகவீக்கத்தைக் காலை வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. அன்றிரவே ஆட்டோ பிடித்தது சரியான முடிவு.

இதைவிடக் கடுமையான நிலை ஒன்று உண்டு. நாயின் உடலில் ஒவ்வாமை அதிர்ச்சி பெரும்பாலும் கல்லீரலையும் குடலையும்தான் முதலில் தாக்குகிறது. ஆகவே முகம் வீங்காமலேயே திடீர் வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், கால் துவண்டு விழுதல் என்று தொடங்கலாம். ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, விரலால் அழுத்தி எடுத்த பிறகு இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பாவிட்டாலோ, அது நிமிடக் கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கு அட்ரினலின் வேண்டும், அவில் மட்டும் போதாது. இத்தகைய அதிர்ச்சி பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும் என்பதால்தான், ஊசி போட்ட பிறகு முப்பது நிமிடம் வாசலிலேயே உட்காரச் சொல்வது என் வழக்கம். பலர் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் உட்கார வைத்துவிடுவேன்.

பாராசிட்டமாலைத் தவிர்த்ததற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். அளவு சற்று மீறினாலும் அது நாயின் கல்லீரலைக் கெடுக்கும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையாக இருந்தாலும், அதைத் தின்ற நாய் சாப்பாட்டை வெறுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அவரை அழைக்க வேண்டும்.

"வெயில்" என்ற பதிலைக் குறித்தும் ஒரு வார்த்தை. மே மாதத்தில் ஆட்டோவில் வந்த பக் நாய் இரைப்பது உண்மைதான். ஆனால் வெயில் தோலில் தடிப்பை எழுப்பாது. மறுபக்கமும் இருக்கிறது. ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காபி நிறத்தில் போனால், உடலே தன் சிவப்பணுக்களை அழிக்கும் நோய் என்று ஐயப்படலாம். அது தடுப்பூசிக்குப் பின் அரிதாக வருவதுண்டு. ஆனால் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் அச்சு அசல் அதே முகத்தோடு வரும். இரத்தத்தைச் சோதிக்காமல் ஊசியின் மேல் பழி போட்டால், நாய்க்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை தவறிவிடும்.

அமெரிக்காவில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2005-ல் வெளிவந்த ஆய்வில், ஊசி போட்ட மூன்று நாளுக்குள் 10,000 நாய்களுக்கு ஏறத்தாழ 38 என்ற அளவில் ஒவ்வாத விளைவுகள் பதிவாகியிருந்தன. எடை குறையக் குறைய ஆபத்து கூடியது. ஒரே வருகையில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை ஏற ஏறவும் கூடியது. பக் அந்தப் பட்டியலில் மேலே இருந்த இனங்களில் ஒன்று. சுப்புவின் ஏழரைக் கிலோவையும் ஒரே நாளில் போட்ட இரண்டு ஊசியையும் இதோடு வைத்துப் பாருங்கள். மாத்திரையையும் அன்றே கொடுத்ததால், வாந்தி எதனால் வந்தது என்ற கேள்விக்கு இனி விடை கிடைக்காது. அடுத்த ஆண்டு இவற்றை இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு, காலை வேளையில் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு நடந்ததை முதலிலேயே சொன்னால், ஒவ்வாமை மருந்தை முன்கூட்டிக் கொடுப்பதா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சல் பகுதி சுப்புவுக்குத் தேவையா என்பதையும் பேசலாம். மழைநீர் தேங்கி எலி ஓடும் தெருவென்றால் அதை எளிதில் விட்டுவிட முடியாது. ரேபிஸ் ஊசியை மட்டும் உங்கள் கணவரின் சொல்லுக்காக நிறுத்திவிடாதீர்கள். அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழியில்லாத நோய் அது. நாயோடு அது நிற்கவும் செய்யாது.

பதில் 2: கொருக்குப்பேட்டை வாசகர்

சகோதரி, ஊசி மட்டுமல்ல, வெளிப்பூச்சு மருந்தும் இதே கணக்கில்தான் வரும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் நாட்டு நாய்க்கு உண்ணி அதிகமென்று கடையில் அமிட்ராஸ் கரைசல் வாங்கி, சீட்டைப் படிக்காமல் குத்துமதிப்பாகத் தண்ணீரில் கலந்து துடைத்தேன். அது உடம்பை நக்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் கள் குடித்தவன் போலத் தள்ளாடி, உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் எழவில்லை. அவசரத்துக்குப் புறப்பட்டால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை. மருத்துவர் முதலில் கேட்டது புட்டியைத்தான். நான் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்திருந்தேன். பெயர் தெரியாமல் மாற்று மருந்தை எப்படிப் போடுவது என்று அவர் கடிந்துகொண்டார். என் மகன் குப்பைத் தொட்டியைக் கிளறிப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் சிகிச்சை தொடங்கியது. நாய் பிழைத்தது.

பதில் 3: மருந்தாளுநர், பெரம்பூர்

தெரிவிப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மனிதர்களின் மருந்து விளைவுகளுக்காக நம் நாட்டில் 2010-ல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துக் குறிப்பு ஆணையம் அதை நடத்துகிறது. அதன் இலவசத் தொலைபேசி எண்ணைப் பார்த்ததும் பலர் நாய்க்காகவும் அங்கே அழைக்கிறார்கள். நாய்க்கு நடைமுறையில் பலன் தரும் வழி வேறு: சிகிச்சை அளித்த மருத்துவர் வழியாக, மருந்தைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. முகவரி அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். மருந்தின் தரத்திலேயே ஐயம் இருந்தால், அதாவது புட்டியில் கட்டி கட்டியாக இருந்தது, காலாவதித் தேதி அழிக்கப்பட்டிருந்தது, ஒரே தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) மருந்தால் பல நாய்களுக்கு இப்படி ஆனது என்றால், தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள மாநில மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்துக்குப் புகார் கொடுக்கலாம். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் "மருந்து" என்ற சொல் விலங்குகளுக்கான மருந்தையும் சேர்த்தே குறிக்கிறது.

நிறுவனத்துக்கு எழுதுவது அறிவிப்பு, மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்துக்கு எழுதுவது புகார். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மருத்துவருக்குத் தொல்லை வருமோ என்ற அச்சம் போய்விடும். "இந்த மருந்துதான் காரணம்" என்று நிரூபித்த பிறகே எழுத வேண்டும் என்பதில்லை, ஐயம் போதும். விற்பனைக்கு வருமுன் ஒரு மருந்தைச் சில நூறு நாய்களிடமே சோதித்திருப்பார்கள். பத்தாயிரத்தில் ஒன்றுக்கு வரும் விளைவு அங்கே கண்ணில் படாது. ஊசி போட்டும் பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் வந்துவிட்டது என்றால், அதுவும் அறிவிக்க வேண்டிய செய்திதான். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய மருந்து மின்வெட்டில் கிடந்ததா என்று அதிலிருந்து தெரியவரலாம்.

ஆனால் தொகுதி எண் இல்லாத அறிவிப்பு விலாசம் இல்லாத கடிதம். உங்கள் புத்தகத்தில் விடுபட்டிருப்பது அதுதான். நாளையே போய், அந்த நைன்-இன்-ஒன் பெட்டியின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அதோடு ஊசி போட்ட நேரம், முதல் அறிகுறி தெரிந்த நேரம், எடை, வயது, அன்று கொடுத்த மற்ற மருந்துகள், எந்தச் சிகிச்சைக்கு எத்தனை மணிக்குக் குணம் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். வீங்கிய முகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் அழித்துவிடாதீர்கள். படத்தில் பதிந்திருக்கும் நேரமே பாதிச் சாட்சி.

கேள்வி கேட்டவர்: தண்டையார்பேட்டை வாசகி

மூவருக்கும் நன்றி. இன்று காலை நேரில் சென்றேன். தொலைபேசியில் பேசியவர் உதவியாளராம். மருத்துவருக்குச் செய்தியே போகவில்லை. படங்களைக் காட்டியதும் அவரே குளிர்பெட்டியைத் திறந்து, அதே தொகுதிப் பெட்டியை எடுத்து எண்ணைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். நிறுவனத்துக்குத் தாமே எழுதுவதாகவும், நகலை எனக்கு அனுப்புவதாகவும் சொன்னார். வாராவிட்டால் நானே எழுதிவிடுவேன். இன்னொரு ஐயம்: வலது தோளில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, வலி இல்லை.

பதில்: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், மாதவரம்

ஊசி போட்ட இடமென்றால் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு நூலால் அளந்து, அளவைத் தேதியோடு குறித்துவாருங்கள். ஒரு மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டிருந்தால், ஊசியால் சிறிது உறிஞ்சி எடுத்துச் சோதிக்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கட்டியையும் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.