இரண்டுமே 8×, ஆனால் ஃபோகஸ் ஆழம் வேறு வேறாகத் தெரிகிறதே?

கதிர்க்குருவி:
புது பைனாகுலர் வாங்குவதற்காக மூன்றைக் கையில் வைத்துப் பார்த்தேன்: 8×42, 8×32, 10×42 (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் அகலம், மி.மீ.-ல்). 10×-ல் ஃபோகஸ் சக்கரத்தை ஓயாமல் திருப்ப வேண்டியிருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். குழப்பம் இரண்டு 8×-க்கும் நடுவில். 8×32-ல் கிளையில் இருக்கும் பறவையும் அதற்கு முன்னால் தொங்கும் இலையும் சேர்ந்தே தெளிவாகத் தெரிகின்றன. 8×42-ல் அப்படி இல்லை. கேமராவில் துளையைச் சுருக்கினால் ஆழம் கூடுமே, அதுபோல லென்ஸ் சின்னது என்பதாலா? நான் தேடுவது பெரும்பாலும் புதருக்குள் திரியும் சிறு பறவைகளை. அதனால் இந்த ஒன்றை வைத்தே முடிவெடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆலா:
இதை வைத்து முடிவெடுக்காதீர்கள் நண்பரே. பகல் வெளிச்சத்தில் ஆழத்தைத் தீர்மானிப்பவை உருப்பெருக்கமும் உங்கள் கண்ணும்தான். லென்ஸின் அகலத்துக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லலாம்.

8×42-லிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.25 மி.மீ. 8×32-ல் 4 மி.மீ. நல்ல வெயிலில் உங்கள் கண்மணி இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும். இரண்டிலும் அந்த அளவுக்கு மேல் வரும் ஒளி கண்ணுக்குள் போகாது. நீங்கள் சொல்லும் கேமராத் துளை இங்கே உங்கள் கண்மணிதான், அது இரண்டுக்கும் ஒன்றே. அந்தி மங்கலில் கண்மணி விரிந்தால் 8×32-க்கு ஆழம் சற்றுக் கூடலாம். ஆனால் அப்போது உங்களுக்குத் தேவைப்படுவது 42-ன் வெளிச்சம்.

உருப்பெருக்கத்தின் கதை வேறு. அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஆழம் குறையும். 8-க்கு 64, 10-க்கு 100. கண் கால் டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) அளவு மங்கலைப் பொறுத்துக்கொள்ளும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டரில் இருக்கும் பறவைக்கு ஃபோகஸ் வைத்தால், 8×-ல் சுமார் 18.5 முதல் 21.7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். 10×-ல் 19 முதல் 21 மீட்டர்தான். 5 மீட்டர் புதரில் 8× தருவதே சுமார் 20 செ.மீ., 10× தருவது 12 செ.மீ. சொச்சம். புதர்ப் பறவைக்காரர்கள் 8×-ஐ விடாமல் பிடித்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எந்தக் கம்பெனி செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் "எங்கள் 8×-க்கு ஆழம் அதிகம்" என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

அப்படியானால் நீங்கள் கண்ட வித்தியாசம் என்ன? முதலில் டயாப்டர் வளையத்தை, அதாவது இரு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்யும் வளையத்தைப் பாருங்கள். அது சரியாக அமையாமல் ஒரு கண் இலையிலும் மறு கண் பறவையிலும் குவிந்திருந்தால், மூளை இரண்டிலிருந்தும் தெளிவானதை எடுத்துக்கொள்ளும். ஆழம் கூடியதுபோலத் தோன்றும், கொஞ்ச நேரத்தில் கண் வலிக்கும். அடுத்தது சக்கரத்தின் வேகம். லேசாகத் தொட்டாலே ஃபோகஸ் பாய்ந்து ஓடும் கருவியில் ஆழம் குறைவு என்ற உணர்வு வரும், உண்மையில் குறைந்திருக்காது. மூன்றாவது புல வளைவு. சில கருவிகளில் நடுவும் ஓரமும் வெவ்வேறு தூரத்தில் ஃபோகஸ் ஆகும். ஓரத்தில் தொங்கும் கிட்டத்து இலை அதனால் தெளிவாகத் தெரியலாம்.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். வேலியையோ செங்கல் சுவரையோ சாய்வாகப் பாருங்கள், கைகளை எதிலாவது ஊன்றிக்கொண்டு. குறிவைக்கும் கல் நட்ட நடுவில் இருக்கட்டும். சக்கரத்தை முதலில் கிட்டத்துப் பக்கமாகத் தாண்டிப் போகவிட்டு, அங்கிருந்து மெல்லத் திரும்பி வந்து, கல் முதன்முதலில் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். கண் தளர்வாக இருக்கும் நிலை அது. தூரப் பக்கமிருந்து வந்தால் கண் முன்பே இறுகி வேலை செய்துகொண்டிருக்கும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வரும். அப்புறம் முன்னும் பின்னும் எத்தனை கல் தெளிவு என்று எண்ணுங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒவ்வொரு கண்ணாகச் செய்ய வேண்டும்.

புதரிலும் நான் இப்படித்தான் ஃபோகஸ் செய்வேன். பறவை கொஞ்சம் முன்னால் தாவினால் சக்கரத்தைத் தொடாமலே கண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளான்:
அந்தக் கடைசி வரி இளைய கண்களுக்குச் சரி. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கண் வில்லை அவ்வளவு வளையாது. 8×-ல், கிட்டத்தில் குவிக்கும் வலிமை கண்ணுக்கு ஒரு டயாப்டர் இருந்தால், முடிவிலியில் வைத்த ஃபோகஸிலேயே 64 மீட்டர் வரை கிட்டே வந்து பார்க்கலாம். 10×-ல் 100 மீட்டரோடு நின்றுவிடும். அந்த வலிமை போகப்போக 10×-ன் சக்கரம் ஓயாது. என் கண்ணுக்கு இப்போது 7×42 இதமாக இருக்கிறது. இருபது வயதுக்காரர் எழுதும் ஒப்பீட்டை அப்படியே நம்பி வாங்க வேண்டாம்.

கதிர்க்குருவி:
டயாப்டரைத் திருத்திவிட்டுச் சுவரில் பார்த்தேன். நடுவில் இரண்டு 8×-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஓரங்களில் மட்டும் 8×32-ல் கிட்டத்துக் கற்கள் தெளிவு. ஆனால் 8×42-ன் சக்கரம் வேகமாக ஓடுகிறது. பறவையைத் தாண்டிப்போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஆலா:
சரி, அப்படியானால் இனி சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும். 3 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு விரலை எடுக்காமல் ஒரே திருப்பில் போக முடிகிறதா, போய் நினைத்த இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இறுக்கம் சீராக இருக்கிறதா, திசை மாற்றும்போது சக்கரம் ஆடுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஆடினால் அதை வாங்க வேண்டாம்.