புதுப்பிப்பு: ஜீப் வெளியே வந்துவிட்டது

ஏரிச் சேற்றில் அச்சு வரை புதைந்த ஜீப், வின்ச் (வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் மோட்டார் கருவி) போட்டும் நகரவில்லை, மோட்டார் முனகுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று எடுத்துவிட்டோம்.

முதலில் மண்வெட்டி. சக்கரங்களுக்கு முன்னால் சேற்றை வெட்டியதிலேயே பாதி வேலை முடிந்தது. அப்புறம் புளியமரத்தில் அகலப் பட்டையைச் சுற்றி, கப்பி மாட்டி, கம்பி வடத்தை ஜீப்புக்கே திருப்பிக் கொண்டுவந்தோம். வேகம் பாதி, இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பு. உருளையில் வடம் சுற்றிய அடியடுக்கில்தான் வின்ச்சுக்கு முழு பலம். ஆனாலும் வடம் உருளையிலிருந்து கழன்றுவிடாதிருக்க, கடைசி 5 சுற்றை விட்டுவைத்தோம். வடம் அறுந்தால் சாட்டையாக வீசாதிருக்க, நடுவில் கனமான ஈரச் சாக்கு.

வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் தள்ளி நிறுத்தியதுதான் பெரும்பாடு. பெரியவர் ஒருவர் இறுகி நின்ற வடத்தைத் தாண்டக் காலைத் தூக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது!