கார் ஷெட் தரையை நாமே தேய்த்து பாலிஷ் போட்டது: உங்கள் அனுபவம் என்ன?

கோவையிலிருந்து:

எங்கள் கார் ஷெட்டின் சிமெண்ட் தரை எத்தனை முறை பெருக்கினாலும் மறுநாள் வெள்ளைப் பொடியாக உதிரும். கலவையில் தண்ணீர் கூடிப்போனால் சிமெண்ட் பால் மேலே வந்து பலமில்லாத ஏடாகப் படிந்துவிடும், அதுதான் உதிர்கிறது என்று கொத்தனார் சொன்னார்.

தரையைக் கழுவிக் காயவைத்து எபாக்ஸி என்ற பிசின் பூச்சை அடித்தேன். மூன்று மாதம் கண்ணாடி போல இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் கொப்புளம் கிளம்பியது. சூடான டயர் நிற்கும் நான்கு இடத்திலும் பூச்சு டயரோடு உரிந்து வந்துவிட்டது. செலவழித்த பணத்தைவிட, ஒழுங்காகப் பார்க்காமல் அடித்தோமே என்பதுதான் மனதை அறுத்தது.

அப்புறம்தான் ஈரம் பார்த்தேன். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டேன். எடுத்துப் பார்த்தால் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், தரையும் கறுத்திருந்தது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும் தரையை மேலே மூடினால் அந்த ஈரம் பூச்சைத்தான் தள்ளும். சரி, பூச்சே வேண்டாம், தரையையே இறுக்கித் தேய்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

மொசைக் பாலிஷ் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். பழைய எபாக்ஸியைச் சுரண்டவே இரண்டு நாள் ஆனது. பிறகு டைமண்ட் கல்லில் 50, 100, 200 என்று நம்பரைக் கூட்டிக்கொண்டே (நம்பர் கூடக் கூடக் கல் நைஸாகும்), தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். ஈரத்தில் ஓடும் மெஷின் என்பதால் கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத இணைப்பில் தயவுசெய்து ஓட்டாதீர்கள். மூலைகளுக்குக் கை கிரைண்டர்தான். அங்கே பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 மாஸ்க்காவது வேண்டும்.

200 முடிந்து தரை காய்ந்ததும் லித்தியம் சிலிகேட் திரவத்தைத் துடைப்பத்தால் பரப்பினேன். அது கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து உள்ளேயே கெட்டியாகும். ஈரம் அடைக்கப்படாமல் ஆவியாகப் போய்விடும், எங்களுக்கு வேண்டியதும் அதுதான். இருபது நிமிடம் காயவிடாமல் வைத்து, மீந்ததைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு மூலையைத் துடைக்காமல் விட்டேன், வெள்ளைக் கறை கல்லாக இறுகிப்போய் மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. பிறகு 400, 800 நம்பரோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, பொடி இல்லை.

டொராண்டோவிலிருந்து:

அண்ணா, நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது இங்கே. எங்களுக்குப் பிரச்சினை உப்பு. பனிக்காலத்தில் வீதிக்குப் போடுகிற உப்பு, காரின் அடியில் ஒட்டிய பனியோடு கராஜுக்குள் வந்து உருகும். அந்தத் தண்ணீர் கொங்கிறீட்டுக்குள் இறங்கி, உறைந்து, உருகி, மேல்தோலைச் செதில் செதிலாகக் கழற்றிவிடும். நான் பளபளப்புக்கே போகவில்லை. கழன்ற இடங்களை அடைத்து, கோடையில் நன்றாகக் காயவிட்டு, உள்ளே ஊறுகிற சைலேன்-சிலோக்ஸேன் சீலர் அடித்தேன். இப்போது தண்ணீர் சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கிறது. ஆனால் எஞ்சின் ஒயில் கறையை அது தடுக்காது. உங்கள் தரையில் ஒயில் கறை இருந்ததா? எப்படி எடுத்தீர்கள்?

கோவையிலிருந்து:

இருந்தது தம்பி. காய்ந்த சிமெண்ட் பொடியைக் கொட்டி ஓர் இரவு ஊறவிட்டுக் கூட்டினேன், பிறகு சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் தேய்த்துக் கழுவினேன். மூன்று முறை செய்தேன். காய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, சிலிகேட் திரவம் உள்ளே போகாது. தரை சொட்டைக் குடித்துவிட்டால் ஆரம்பிக்கலாம்.