மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் ஆறு வாரம்: ஆர்.வி.யை எந்த ஊர்களில் நிறுத்தலாம்?

மேப்பிள் நிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் இவ்வாண்டு பணி ஓய்வு பெற்றோம். டெட்ராய்ட் புறநகரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசித்தும் மேல் தீபகற்பத்துக்குச் செல்லும் மெக்கினா பாலத்தைத் தாண்டியது ஒரே ஒரு முறைதான். அதுவும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஐந்து நாளில் ஆறு ஊர்கள். அந்தப் பயணத்தில் எங்களுக்கு நினைவில் நிற்பவை மோட்டல் அறைகளின் திரைச்சீலைகள் மட்டுமே.

இப்போது 25 அடி நீளமுள்ள பழைய கிளாஸ் சி ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி, அக்டோபர் முதல் வாரம் வரை யூ.பி. எனப்படும் மேல் தீபகற்பத்தின் சிறு ஊர்களில் தங்க விரும்புகிறோம். இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என நகர்ந்துகொண்டே இருக்கலாம் என்பது என் எண்ணம். பத்து நாளாவது இருந்தால்தான் ஓர் ஊர் பிடிபடும் என்கிறார் மனைவி. பின்னால் இழுத்துச் செல்லக் கார் கிடையாது, இரண்டு சைக்கிள்கள் மட்டும் உண்டு. இருவரும் சைவம். எந்த ஊர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுப்பீரியர் கரை எழுதியது:

ஐயா, உங்கள் மனைவி சொல்வதே சரி. நாங்களும் இருவர் மட்டுமே. ஏழு கோடைகளாக அந்தப் பக்கம் போய் வருகிறோம். கார் இல்லாத ஆர்.வி. பயணத்தில் ஒரு சங்கடம் உண்டு. மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் பூட்டிய பிறகு அது வண்டியல்ல, வீடு. தயிருக்கு உறை ஊற்றப் பால் வேண்டுமென்றாலும் அந்த வீட்டையே கிளப்பிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். ஆகவே எந்த ஊர் அழகானது என்று கேட்பதற்கு முன், முகாமிலிருந்து கடைவீதிக்கு நடந்து போக முடியுமா என்று கேளுங்கள். மாநிலப் பூங்காக்கள் மிக அழகானவை. ஆனால் பெரும்பாலும் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும். யூ.பி.யிலோ நகராட்சியும் டவுன்ஷிப்பும் தாமே நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள் பல உள்ளன. உங்களைப் போன்றவர்களுக்கு அவைதான் பொருத்தம்.

நானாக இருந்தால் மூன்றே ஊர்கள்: சூ செயின்ட் மேரி, கிராண்ட் மரேய், ஹௌட்டன்.

பாலத்தைத் தாண்டி ஏறத்தாழ 50 மைலில் சூ வந்துவிடும். நகரின் கிழக்கு ஓரத்தில், செயின்ட் மேரிஸ் ஆற்றங்கரையிலேயே ஆன்-ஆஸ்போர்ன் என்ற நகராட்சி முகாம் இருக்கிறது. கரையோர இடம் கிடைத்தால், காலையில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கும்போதே 1,000 அடி நீளமுள்ள தாதுக் கப்பல் உங்கள் ஜன்னலை முழுவதும் மறைத்துக்கொண்டு நகர்வதைப் பார்க்கலாம். முதலில் வருவது ஓசையன்று, ஓர் அதிர்வு. அலமாரியில் டம்ளர்கள் மெல்லக் கிணுகிணுக்கும், பிறகுதான் கப்பல் தெரியும். கப்பல்களை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் கப்பல் வாயில்கள் அங்கிருந்து சைக்கிள் தூரம்தான். சுப்பீரியர் ஏரிக்கும் கீழே உள்ள ஏரிகளுக்கும் இடையிலான 21 அடி மட்ட வேறுபாட்டை, பம்புகள் எவையும் இல்லாமல், தண்ணீரின் சொந்த ஓட்டத்தாலேயே அவை சமன் செய்கின்றன. 1,000 அடிக் கப்பல்கள் போ வாயில் வழியாக மட்டுமே செல்ல முடியும். பார்வைமேடைக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் ஒரு நாள் போதும் என்று போய் ஒன்பது நாள் இருந்தோம்.

கிராண்ட் மரேய்க்கு சீனி என்ற ஊரில் திரும்பி, எம்-77 சாலையில் வடக்கே 25 மைல் செல்ல வேண்டும். சாலை ஏரியில் முடிகிறது, ஊரும் அங்கேயே முடிகிறது. டவுன்ஷிப் நடத்தும் உட்லேண்ட் பார்க் முகாம் ஏரிக்கரை மேட்டில் உள்ளது. படியிறங்கினால் கூழாங்கல் கரை, எதிர்ப்பக்கம் சிறிது நடந்தால் கடைவீதி. அகேட் என்ற வரிகள் கொண்ட அழகுக் கற்களைத் தேடுவோர் காலையிலேயே குனிந்த தலையுடன் கரையில் நடப்பார்கள். இரண்டாம் நாளில் நீங்களும் அப்படித்தான் நடப்பீர்கள். ஈரக்கல்லைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால், அகேட்டாக இருந்தால் ஓரம் செந்தேன் நிறத்தில் ஒளிரும். என் மனைவி ஒரு வாரத்தில் சேர்த்தவை ஓர் ஊறுகாய் பாட்டிலில் பாதிக்குக்கூட வரவில்லை. அதைத்தான் இன்றும் விருந்தினர்களுக்கு முதலில் காட்டுகிறார். பிக்சர்டு ராக்ஸ் தேசிய ஏரிக்கரையின் கிழக்கு வாசலும் இந்த ஊர்தான். மணற்குன்றுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து மூனிசிங் செல்லும் எச்-58 சாலை வளைவுகள் நிறைந்தது. முழுவதும் தார்ச்சாலை ஆகிவிட்டபோதிலும் பெரிய வண்டியோடு அதில் போவதைவிட, வந்த வழியே சீனிக்குத் திரும்பி எம்-28 சாலையைப் பிடிப்பது நிம்மதி. அதன் 25 மைல் நேர்கோட்டில் தூக்கம் வரும் என்பது மட்டுமே குறை.

இன்னொன்று. கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் முதல் முறை தங்கியபோது, அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீருமாக எங்கள் கிரே டேங்க் (கழுவிய நீர் சேரும் தொட்டி) நான்காம் நாளே நிரம்பி, குளியல் தொட்டியில் சாம்பார் நிறத்தில் மேலேறியது. பக்கத்து வண்டிக்காரர்கள் காகிதத் தட்டில் சாப்பிடுகிறார்கள். நம் சமையல் கணக்கு வேறு. அரிசி களைந்த தண்ணீரைத் தனி வாளியில் பிடித்து முகாமில் கழிவுநீர் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனுக்கே கொண்டுபோய் ஊற்றுங்கள்.

ஏலக்காய் எழுதியது:

உங்கள் துணைவியாருக்கு என் ஆதரவையும் தெரிவித்துவிடுங்கள். உணவு பற்றி மட்டும் சொல்கிறேன். யூ.பி. முழுவதும் பேஸ்டி விற்கும். கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த பண்டம். சோமாசியைப் பெரிதாக்கி, இனிப்புப் பூரணத்துக்குப் பதிலாக மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரூட்டபேகா கிழங்கு வைத்து மூடியது போல இருக்கும். காய்கறி மட்டும் வைத்ததும் பல கடைகளில் கிடைக்கிறது. ஆனால் மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஹௌட்டன், ஹான்காக் பக்கம் ஃபின்லாந்து வழிவந்தவர்கள் அதிகம். அவர்களுடைய நிசு என்ற ரொட்டியில் ஏலக்காய் தூக்கலாக இருக்கும். எங்கோ வடக்கே, குளிர்ந்த ஒரு பேக்கரியின் கதவைத் திறந்ததும் பாயசம் கொதிக்கும் வீட்டு வாசனை வந்தபோது எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. என் புனைபெயரும் அதனால்தான்.

பருப்பு, அரிசி, பெருங்காயம் எல்லாவற்றையும் டெட்ராய்டிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். சிற்றூர்க் கடைகளில் கொத்தமல்லித் தழை கிடைப்பதே அரிது.

செம்புத் தூள் எழுதியது:

முதலில் பதில் எழுதிய நண்பர் மூன்றாவது ஊரைப் பெயரோடு விட்டுவிட்டார். ஹௌட்டனில் நகராட்சியின் ஆர்.வி. பூங்கா நீர்க்கரையிலேயே அமைந்திருக்கிறது. கரையோரப் பாதையில் சைக்கிளில் போனால் நகர மையம். இடங்கள் குறைவு என்பதால் முன்பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் இங்கே மட்டும் கார் இல்லாமல் சமாளிக்கலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். கெவீனா தீபகற்பத்தின் செம்புச் சுரங்க ஊர்கள் வடக்கே சிதறிக் கிடக்கின்றன. ஹான்காக்கை அடுத்துள்ள சிறு விமான நிலையத்தில் மூன்று நாளுக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் குவின்சி சுரங்கத்துக்கு. கோடையிலும் நிலத்தடியில் 43 டிகிரி ஃபாரன்ஹீட்தான், ஸ்வெட்டர் அவசியம். அடுத்த நாள் காலுமெட்டுக்கு. செந்நிற மணற்கல்லில் கட்டிய பெரிய கட்டடங்களையும் 1900-இல் திறந்த நாடக அரங்கையும் பார்த்தால், இத்தனை சிறிய ஊருக்கு இவை எதற்கு என்று தோன்றும். செம்புப் பணம் கட்டியவை அவை. 1968 வேலைநிறுத்தத்தோடு சுரங்க நிறுவனம் மூடியது. மக்கள் போய்விட்டார்கள், கட்டடங்கள் நின்றுவிட்டன. தேசிய வரலாற்றுப் பூங்கா 1992-இல் அமைந்தது. மூன்றாம் நாள் காப்பர் ஹார்பர். மயாமி வரை செல்லும் யு.எஸ்.-41 அங்கே ஒரு காட்டு வளைவில் தொடங்குகிறது. வழியில் சாலையோரம் நிற்கும் பனி அளவுகோலைக் கவனியுங்கள். 1978-79 குளிர்காலத்தில் பெய்த 390.4 அங்குலம் அதன் உச்சியில் குறிக்கப்பட்டிருக்கும்.

திரும்பும்போது மனிஸ்டிக் அருகே கிட்ச்-இட்டி-கிப்பி ஊற்றுக்கு ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். 40 அடி ஆழமும் கண்ணாடித் தெளிவு. படகோட்டி யாரும் இல்லை. வந்தவர்களில் ஒருவர் சக்கரத்தைச் சுற்றித் தெப்பத்தைக் கம்பிவடத்தின் வழியே நகர்த்த வேண்டும்.

மேப்பிள் நிழல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இதை வாசித்துக் காட்டிய பிறகு வீட்டில் என் கட்சிக்கு ஆளே இல்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். பாலத்தில் காற்று அடிக்கும் என்கிறார்கள். உயரமான வண்டியை ஓட்டிப் பழக்கமில்லாத எனக்கு அது முடியுமா? அக்டோபரில் குழாய் உறையுமா?

சுப்பீரியர் கரை எழுதியது:

பாலம் 5 மைல். வெளிப்புறத் தடத்தில் தளம் போட்டிருக்கும், உட்புறத் தடம் இரும்புக் கம்பி வலை. நீங்கள் வெளிப்புறத்திலேயே, அவசரமின்றிச் செல்லுங்கள். காற்று மிகுந்தால் உயரமான வண்டிகளை நிறுத்தி, பால ஊழியர்களே முன்னால் சென்று அழைத்துப்போவார்கள். இன்னும் மிகுந்தால் பாலத்தையே மூடிவிடுவார்கள். அப்படியொரு நாள் நாங்கள் மெக்கினா சிட்டியில் மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் தாண்டினோம். காலையில் கிளம்பும் முன் பாலத்தின் காற்று நிலவரத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

செப்டம்பர் கடைசியிலேயே சில இரவுகள் உறைநிலைக்கு இறங்கும். அத்தகைய இரவுகளில் வெளிக்குழாயைக் கழற்றி, நீரை வடித்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, வண்டியின் தொட்டித் தண்ணீரையே பயன்படுத்துங்கள். நகராட்சி முகாம்கள் பல அக்டோபர் நடுவில் மூடிவிடும். ஹௌட்டனுக்கு முன்பதிவு செய்யும்போது கடைசித் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.