‘ஜியோகேச்சிங்’: புதையல் வேண்டாம், பதுக்கலும் வேண்டாம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

யாரோ மறைத்து வைத்த சிறு பெட்டியைக் கைபேசியின் துணையோடு தேடிப் பிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி வரும் விளையாட்டு ஜியோகேச்சிங். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மின்னஞ்சல் குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘புவிப்புதையல்’, ‘புவிப்பதுக்கல்’ ஆகிய இரண்டுக்கும் ஆதரவு கூடி வருவதைக் காண்கிறேன். சென்ற ஞாயிறு மதுரைக்கு அருகே நாகமலைச் சரிவில் பகல் முழுவதும் நடந்து, முதன்முறையாக இந்த விளையாட்டை ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் இரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

கைபேசியில் இட்ட ஆயத்தொலைகள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) எங்களை ஒரு பாறைக் குவியல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. அதற்கு மேல் அம்புக்குறி நாலைந்து மீட்டர் அங்குமிங்கும் அலைந்துகொண்டே இருந்ததால், முக்கால் மணி நேரம் கல்லிடுக்குகளைத் துழாவிக்கொண்டிருந்தோம். அவ்வழியே ஆடு ஓட்டி வந்த பெரியவர், “என்னத்தத் தம்பி தொலைச்சீக?” என்று கேட்டார். உடன் வந்த நண்பர் சற்றும் யோசிக்காமல், “புதையல் தேடுறோம்யா” என்று சொல்லிவிட, பெரியவரின் பார்வை உடனே எங்கள் முதுகுப்பைகளுக்குப் போயிற்று. கடப்பாரை இருக்கிறதா என்று பார்த்திருப்பார். சமணர் மலை, அரிட்டாபட்டி, மாங்குளம் எனக் குன்றுதோறும் சமணப் படுக்கையும் பழங்கல்வெட்டும் கிடக்கும் இந்தப் பக்கத்தில், புதையல் என்றாலே தோண்டல்தான் நினைவுக்கு வரும். விளையாட்டின் விதியோ பொதுவாகப் பெட்டியைக் குழி தோண்டிப் புதைக்கக் கூடாது என்கிறது. ‘புதை’ என்ற வினைக்கே பெரும்பாலும் இடமில்லாத ஒன்றுக்குப் புதையல் என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்?

‘பதுக்கல்’ இன்னும் மோசம். ரேஷன் அரிசியும் பறக்கும் படையும் இல்லாமல் அந்தச் சொல்லை நம்மால் கேட்க முடியாது. இதே சிக்கல் ஆங்கிலத்திலும் எழுந்தது. இடங்காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சைகையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் முதல் பெட்டியை வைத்தார். அப்போது அதை ‘ஸ்டாஷ்’ (ஒளித்துவைத்த சரக்கு) வேட்டை என்றே அழைத்தனர். கள்ளச்சரக்கை ஒளிப்பது போன்ற வாடை அச்சொல்லில் அடிக்கிறது என்று, நம் குழுவைப் போன்றதொரு மடற்குழுவில்தான் பேச்சு எழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் மாட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேச்சிங்’ என்ற சொல்லை அங்கே முன்வைத்தார். அவர்கள் கழித்துக்கட்டிய வாடையை நாம் தேடிப்பிடித்து ஒட்ட வேண்டியதில்லை.

ஒளித்தலைக் குறிக்கும் ‘கரத்தல்’ என்னும் வினையிலிருந்து ‘புவிக்கரப்பு’ என ஆக்கலாம் என்று எனக்கும் ஒரு நாள் தோன்றியது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கரப்பான் மருந்து வாங்கி வரச் சொன்னார்கள்.

அந்தப் பெரியவருக்கு விளையாட்டை விளக்கிச் சொன்னபின் அவரே கற்றாழைப் புதரின் ஓரத்தைக் காட்டி, “அந்தக் கல்ல யாரோ பெரட்டி வச்சிருக்காக” என்றார். கல்லுக்குப் பின்னால் கறுப்பு நாடா சுற்றிய பழைய பிலிம் சுருள் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே சுருட்டி வைத்த காகிதத்தில் ஏழு பெயர்கள். நாங்கள் எங்கள் பெயர்களையும் தேதியையும் எழுதிச் சுருட்டும்போது, “குங்குமச் சிமிழு கணக்கா இருக்கே” என்று அவர் சொன்ன சொல்லையே உங்கள் முன் வைக்கிறேன்: பொருள் ‘சிமிழ்’, விளையாட்டு ‘சிமிழ்தேடல்’. சிமிழ் வைத்தான், சிமிழ் எடுத்தாள் என்று வினையும் தடையின்றி வருகிறது. ‘புவி’ என்ற முன்னொட்டு அகராதித் தலைப்புக்கு வேண்டுமானால் இருக்கட்டும்; பேச்சில் அது தானாக உதிர்ந்துவிடும்.

பெட்டியே இல்லாமல், ஓரிடத்தின் நிலவியலைப் பார்த்துக் கேள்விக்கு விடையளிக்கும் ‘எர்த்கேச்’ வகைக்குச் சிமிழ் பொருந்தாது என்ற மறுப்பு எழும், அது நியாயமானதே. அதற்கு ‘நிலக்காட்சி’ எனத் தனிச்சொல் இருப்பதே நல்லது. தேடுவதன் கடினத்தையும் நிலத்தின் கடினத்தையும் 1 முதல் 5 வரை தனித்தனியே குறிப்பதற்குத் ‘தேடற்கடுமை’, ‘நடைக்கடுமை’ போதும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர் ஊராகப் போகும், எண் பொறித்த வில்லைக்கு ‘வழிப்போக்கன்’ என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. பெரிய இரும்புப் பெட்டியையும் சிமிழ் என்பதா, ‘பேழை’ என்று பிரிப்பதா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது; நண்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.