'மர்மர்' என்னும் ஆங்கில வினையின் பொருளும் பிறப்பும்: விளக்கம் வேண்டுகிறேன்

கேள்வி: செவிலிய மாணவி, காட்பாடி

வணக்கம். வேலூரில் செவிலியர் படிப்புப் படிக்கிறேன். குழந்தைகளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்க்கும் மருத்துவர்கள், 'மர்மர் இருக்கிறது' என்று தமக்குள் சொல்லிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் அதை 'மர்மம்' என்று காதில் வாங்கிக்கொண்டு, பிள்ளையின் நெஞ்சில் என்ன மர்மமோ என்று கலங்கிப்போனார். அகராதியைப் புரட்டினால் மெல்லப் பேசுதல், குறைகூறுதல், ஓடை ஒலித்தல் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் தெரிகின்றன. இவை எப்படி ஒரே வினையில் சேர்ந்தன? அந்தத் தாயைப் போன்றவர்களிடம் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பதில் 1: தமிழாசிரியர், குடியாத்தம்

முதலில், 'மர்மம்' வேறு, 'மர்மர்' வேறு. முன்னது வடசொல், பின்னதற்கும் அதற்கும் உறவில்லை.

'மர்மர்' ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்தது. இலத்தீனில் 'முர்முர்' என்ற பெயர்ச்சொல்லும் 'முர்முராரே' என்ற வினையும் இருந்தன. அவை பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தன. இன்று மென்மையான ஒலியையே நினைவூட்டும் இச்சொல், இலத்தீனில் கடலின் இரைச்சலுக்கும் இடியின் உறுமலுக்கும்கூட வழங்கியது. ஆகவே மென்மை அதன் அடிப்படைப் பொருள் அன்று. விட்டு விட்டு வராமல், தனித்தனி ஓசைகளாகப் பிரித்தறிய முடியாதபடி தொடரும் தாழ்ந்த ஒலி என்பதே அடிப்படை. இப்படிப் பார்த்தால், ஓடையும் வாய்க்குள் பேசும் மனிதரும் ஒரே சொல்லுக்குள் வந்தது வியப்பாகத் தோன்றாது.

தொல்காப்பியம் 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்கிறது. 'முணுமுணு' என்பதில் 'முணு' தனித்து நின்று பொருள் தராதது போலவே, இலத்தீனிலும் 'முர்' தனித்து நிற்பதில்லை. நம் இலக்கணம் வகுத்த விதி அயல்மொழிச் சொல்லொன்றுக்கும் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இதிலிருந்து இலத்தீன் சொல் தமிழிலிருந்து போனது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உதட்டை மூடி எழுப்பும் மகரம் தாழ்ந்த ஒலியைப் போலிசெய்ய எந்த மொழியினருக்கும் கைகொடுக்கிறது. உலர்ந்த இலையும் துணியும் எழுப்பும் ஒலிக்குச் சமஸ்கிருதத்தில் 'மர்மரம்' என்று பெயர் உண்டு. ஒலிக்குறிப்புச் சொற்களின் ஒற்றுமையை மட்டும் வைத்து மொழிகளுக்கிடையே உறவையோ கடனையோ நிறுவ முடியாது.

பதில் 2: ஆங்கில ஆசிரியர் (ஓய்வு), ஆற்காடு

குறைகூறுதல் என்ற பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இப்பொருள் ஆங்கிலத்தில் பிற்காலத்தில் முளைத்ததன்று. சொல் வந்த நூற்றாண்டிலேயே உடன் வந்துவிட்டது. அது வேரூன்றி நிலைத்ததில் விவிலியத்துக்குப் பெரும் பங்குண்டு. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மோசேக்கு விரோதமாக மனத்தாங்கலுடன் பேசும் இடத்தில், இலத்தீன் விவிலியம் இதே வினையை ஆள்கிறது; 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பும் அப்படியே. நம்மூர்த் தேவாலயங்களில் வாசிக்கப்படும் தமிழ் விவிலியத்திலோ அங்கே 'முறுமுறுத்து' என்று இருக்கிறது. நேருக்கு நேர் எதிர்க்கத் துணியாதவர்களின் பேச்சு சொல்லாக வெளிவராமல் ஒலியாகவே நின்றுவிடுகிறது என்பதை இரு மொழியினரும் கவனித்திருக்கிறார்கள். வேலூர்ப் பக்கத்தில் இன்று அந்தச் சொல்லை வடைக்கும் தோசைக்கும்தான் மிகுதியாகச் சொல்கிறோம் என்றாலும், அதன் பழைய பொருள் வழிபாட்டில் உயிரோடு இருக்கிறது.

பதில் 3: குழந்தைகள் நல மருத்துவர், வேலூர்

மருத்துவத்தில் இச்சொல்லுக்குக் குறைகூறும் பொருள் சிறிதும் இல்லை. வால்வுகள் மூடும்போது எழும் 'லப்-டப்' என்ற இரண்டு ஒலிகளும் குறுகியவை, தெளிவானவை. அவற்றுக்கிடையே இரத்தம் சுழன்று கொந்தளித்து ஓடினால், நீண்டு தொடரும் ஓர் ஒலி கேட்கும், அதுதான் மர்மர். வால்வு குறுகியிருந்தாலும் கசிந்தாலும், இதய அறைகளுக்கிடையே துளை இருந்தாலும் அது உண்டாகும். இரத்தசோகையிலும் காய்ச்சலிலும் ஓட்டம் வேகமெடுப்பதாலும் கேட்கலாம். குறையொன்றும் இல்லாத குழந்தைகளிடமும் இது சாதாரணமாகக் கேட்கும் என்பதைப் பெற்றோரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்க இதயநோய் மருத்துவர் சாமுவேல் லெவைன் 1933இல் வகுத்த 6 படிகளைக் கொண்டே இன்றும் அதன் உரப்பை அளக்கிறோம்; 4ஆம் படியிலிருந்து நெஞ்சின் மேல் வைத்த கையிலேயே அதிர்வு தெரியும்.

'இதய முணுமுணுப்பு' என்று எழுதுவது சரியே. ஆனால் நோயாளியிடம் பேசும்போது 'இரைச்சல்' என்றுகூட நான் சொல்வதில்லை. இங்குள்ளவர்கள் அதை மூச்சிரைப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். 'இரத்தம் ஓடுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது, எதனால் என்று எக்கோ எடுத்துப் பார்ப்போம்' என்று சொல்லுங்கள்.

செவிலிய மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. குறிப்பேட்டில் எழுதும்போது 'சலசலப்பு' என்ற சொல்லை ஆளலாமா? ஓட்டத்தின் ஒலி என்பதால் கேட்கிறேன்.

தமிழாசிரியர், குடியாத்தம்

வேண்டாம் அம்மா. நீரோட்டத்துக்கு அது அழகான சொல்தான். ஆனால் 'கூட்டத்தில் சலசலப்பு' என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, அதிலும் அதிருப்தியின் சாயல் ஏறிவிட்டது. மருத்துவர் சொன்னபடி, குறிப்பேட்டில் 'முணுமுணுப்பு' என்றும் தாயிடம் 'சத்தம்' என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.