கொழும்பிலிருந்து தெற்கே பாய்ப்படகில்: எங்கெங்கே இறங்கலாம்?

கடற்காகம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது வெள்ளவத்தையில். கூட்டாளி ஒருவர் பெப்ரவரிக் கடைசியில் தன் பாய்ப்படகில் தெற்குக் கரையோரமாகப் போகக் கூப்பிடுகிறார். படகு அவர் பாடு, எங்கே இறங்குவது என்பது என் பாடு. காலி நகரில் மட்டும் நின்றால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். 10 வயது மகளும் வருகிறாள். போய் வந்தவர்கள் சொல்லுங்கோ.

வல்வைக் கரை:
தம்பி, மாதம் நல்ல மாதம். மே பிறந்தால் சோளகக் காற்று எழும்பிவிடும், பிறகு செப்ரெம்பர் வரைக்கும் அந்தப் பக்கக் கடல் சின்னப் படகுக்கு ஆகாது. விடிய வெள்ளன வெளிக்கிட்டு, வெளிச்சம் இருக்கவே நங்கூரம் போடுங்கோ. இரவில் ஓடவேண்டாம். கரையோரம் வலை கிடக்கும், விளக்கில்லாத வள்ளங்களும் நிற்கும்.

நான் வல்வெட்டித்துறையான். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் பாய் விரித்தே அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணில் பிறந்தவன் சொல்கிறேன், காலியோடு திரும்பாதேங்கோ. தெற்கு முனையில் இருக்கிற தேவந்துறை வரை போங்கோ.

அதற்கு முதல் மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்குப் போங்கோ. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் கல்வெட்டு அங்கே நிற்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதி உள்ளது, 1911இல் காலியில் கிடைத்தது. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன்கீழ் பாரசீகம். கிட்ட நின்று பார்த்தால் தமிழ் எழுத்து கண்ணுக்குப் பிடிபடும். சீனத்தில் புத்தருக்குக் கொடுத்த காணிக்கை, தமிழில் தெனாவரை நாயனாருக்கு. அந்த நாயனார் கோயில் கொண்டிருந்தது இந்தத் தேவந்துறையில்தான். 1344இல் மொரோக்கோப் பயணி இபன் பதூதாவும் அங்கே போயிருக்கிறார். 1588இல் போர்த்துக்கேயர் இடித்துப்போட்டார்கள். இப்போது விஷ்ணு தேவாலயமும் விகாரையும் இருக்கின்றன. கல்லைப் பார்த்துவிட்டு அந்தக் கரையில் கடல்வழியாகப் போய் இறங்குகிற மாதிரி வராது, தம்பி.

முனையில் 49 மீற்றர் வெளிச்சவீடு, நாட்டிலேயே உயரமானது. அதற்கு வெளியே பெருங்கப்பல்களின் பாதை, கரையை அண்டியே ஓடுங்கோ. மீன்பிடித் துறைமுகங்களுக்குள் போக, படகுக்காரர் முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுக்கட்டும்.

கோட்டை மருமகள்:
நானா சொன்னது அத்தனையும் சரி. ஆனா காலிக்குப் போற வழியில இருக்கிற பேருவளையை விட்டுட்டார்! கச்சிமலைப் பள்ளிவாசல் கடலுக்குள்ள நீட்டின மேட்டில வெள்ளையா நிக்கும். அதைக் கடலிலிருந்து பார்க்கணும், கரையிலிருந்து பார்க்கிறது பாதிதான்.

காலியில பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கோட்டை மதிலில நடங்க. பகல்ல கல்லெல்லாம் கொதிக்கும், பிள்ளைக்குக் கால் சுடும். 1939இல கட்டின வெளிச்சவீட்டுக்கு எதிரில மீரான் பள்ளி. வெளியூர்ச் சனம் முதல்ல அதைக் கிறிஸ்தவ தேவாலயம் என்றுதான் நினைக்கும். ஒரு இரவாவது தங்குங்க. சுற்றுலா பஸ்ஸெல்லாம் போன பிறகுதான் கோட்டைக்குள்ள குடியிருக்கிறவங்களோட ஆறுதலாக் கதைக்கலாம்.

மிரிஸ்ஸவுக்கு வெளியே அந்த மாதத்தில நீலத் திமிங்கிலம் வரும். தூர நின்று பாருங்க, துரத்திப் போகவேண்டாம்.

கடற்காகம்:
அண்ணா, அக்கா, மிச்சம் நன்றி. சனிக்கிழமை நூதனசாலைக்குப் போகிறோம். மகளுக்கு பஸ்ஸிலேயே தலை சுற்றும், அதுதான் யோசனை.

வல்வைக் கரை:
வெறும் வயிற்றோடு ஏற்றாதேங்கோ. கீழறைக்குள் படுக்க விடாமல் மேல்தட்டில் இருத்தி, தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கோ. மருந்து வேண்டுமென்றால் டொக்டரிடம் கேட்டு, ஏற முதலே கொடுக்கவேண்டும். உயிர்காப்பு அங்கி அவளின் அளவுக்கு வேண்டும், பெரியவர்களுடையது கழன்றுவிடும். கொழும்பிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கோ.